மறுமொழி: ‘மலத்துகள்’ வேண்டா, ‘புழுக்கை’ போதும்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

கடலின் மேல்மட்டத்தில் மேயும் விலங்கு மிதவை உயிரிகள் (நீரோட்டத்தோடு மிதக்கும் சிறு விலங்குகள்) விடும் எச்சம், கரிமத்தை (கார்பனை) ஆழத்துக்கு எப்படி இறக்குகிறது என்ற கட்டுரையில், ஆங்கிலத்தில் ‘faecal pellet’ எனப்படும் அந்த எச்சத்துக்கு ‘மலத்துகள்’, ‘கழிவுத் துணுக்கு’, ‘எச்சவுருளை’ ஆகிய மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் விட்டுவிட்டுப் ‘புழுக்கை’ என்றே எழுதலாம் என்பது என் கருத்து. அது கொச்சை என்று பேராசிரியர் ஐயா முன்கூட்டியே மறுத்துவிட்டதால், காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ‘கழிவு’. கழிவுநீக்கம் என்று நம் பாடநூல்கள் சொல்வது, உடலுக்குள் வளர்சிதை மாற்றத்தால் உண்டாகும் அம்மோனியா, யூரியா போன்றவற்றை வெளியேற்றுவதைத்தான். செரிக்காத உணவு குடலைக் கடந்து வெளிவருவது வேறு. மிதவை உயிரிகள் விடும் அம்மோனியா நீரில் கரைந்து, வெயில் படும் மட்டத்திலேயே தங்கித் தாவர மிதவை உயிரிகளுக்கு உரமாகிறது. செரியாத எச்சமோ கீழே இறங்குகிறது. மேலே நிற்பதையும் கீழே போவதையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டால், கட்டுரை எதைச் சொல்ல வந்ததோ அதுவே கலைந்துவிடும்.

‘துகள்’ என்பதில் உள்ள குறை இன்னும் பெரிது. கோபிபாட் (இறால், நண்டு வகையைச் சேர்ந்த மிகச் சிறிய உயிர்) போன்ற சிற்றுயிர்களின் எச்சம் தூளாகச் சிதறுவதில்லை. மெல்லிய உறையொன்றால் சுற்றப்பட்டு, இறுகிய சிறு பொதியாக வெளிவருகிறது. ஒற்றைத் தாவரச் செல் நாளொன்றுக்கு ஒரு மீட்டர்கூட இறங்காமல் மிதந்துகொண்டிருக்க, அத்தகைய செல்கள் பல சேர்ந்து இறுகிய பொதி நாளொன்றுக்குப் பல பத்து மீட்டர் முதல் நூறு, இருநூறு மீட்டர் வரை இறங்கிவிடுகிறது. கடலின் சராசரி ஆழம் ஏறத்தாழ 3,700 மீட்டர். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் உயரத்தைப் போல இருமடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் தொலைவைக் கடக்க ஒற்றைச் செல்லுக்குப் பத்து ஆண்டுகள் போதா. நாளுக்கு நூறு மீட்டர் இறங்கும் பொதிக்கு நாற்பது நாட்களுக்கும் குறைவாகவே பிடிக்கும்.

இந்த வேறுபாட்டை நான் கண்டது கடலில் அன்று, கொடைக்கானல் மலையிலுள்ள எங்கள் ஊரான பூம்பாறையில். சென்ற ஐப்பசி மழைக்கு மறுநாள் காலையில், எங்கள் பூண்டு வயலின் மேல்படியில் காட்டுமாடு போட்டுச் சென்ற சாணி கரைந்து, பச்சைக் குழம்பாக அந்தப் பாத்தியிலேயே ஊறிப் போயிருந்தது. அதே படியில் மேய்ந்த பக்கத்து வீட்டு ஆட்டின் புழுக்கையோ நான்கு படிகள் உருண்டு, கீழ் வாய்க்காலில் ஒன்றும் உடையாமல் கிடந்தது. இறுகியிருப்பதால் தொலைவு போகிறது என்ற செய்தி ‘புழுக்கை’ என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் மலையில் வாழும் எவருக்கும் விளங்கிவிடும்.

கொச்சை என்ற தடைக்குச் சுந்தரரே விடை சொல்லியிருக்கிறார். ‘பிழுக்கை வாரியும் பால்கொள்வர்’ என்று அவர் பாடியது திருவொற்றியூர்ப் பதிகத்தில். அதுவும் கடற்கரை ஊர் என்பது நமக்குக் கிடைத்த உபரி. இறைவன் முன்னால் சொல்லத் தகுந்த சொல் கடலியலுக்கு ஆகாது என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. எழுத்தில் ‘பிழுக்கை’ வேண்டும் என்போர் அப்படியே எழுதட்டும். வழக்கில் உள்ள வடிவத்தையே நான் விரும்புகிறேன்.

இச்சொல்லிலிருந்து கிளைச்சொற்களும் எளிதாகப் பிறக்கின்றன. இறங்கும் எச்சத்தில் பெரும்பகுதி கடலடியைச் சேர்வதில்லை. முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே பிற உயிர்கள் அதைத் தின்றும் உடைத்தும் விடுகின்றன, எஞ்சியதைப் பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன. தின்பதைப் ‘புழுக்கையுண்ணல்’ என்றும், உடைப்பதைப் ‘புழுக்கையுடைப்பு’ என்றும் சொல்லலாம். ‘மலத்துகளுடைப்பு’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

தூத்துக்குடி அம்மையார் கேட்ட இன்னொரு சொல்லும் இதனோடு சேர்ந்தது. கோபிபாட் பெரிய செல்லைக் கடித்து உடைக்கும்போது, உள்ளிருக்கும் சாறு வாய்க்குள் போகாமல் நீரில் சிந்துகிறது. அந்தக் கரைந்த கரிமம் இறங்காமல் மேலேயே பாக்டீரியாக்களுக்கு இரையாகி, பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடாகத் திரும்புகிறது. ஆங்கிலத்தில் ‘sloppy feeding’ எனப்படும் இதற்கு ‘ஒழுங்கற்ற உணவூட்டம்’ என்று எழுதினால், வேளைக்குச் சாப்பிடாதவருக்கு மருத்துவர் சொல்லும் எச்சரிக்கை போல இருக்கிறது. ‘சிந்துமேய்ச்சல்’ என்கிறேன்.

ஓரிடத்தில் என் சொல் இடறுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இறாலைப் போன்ற கிரில்லின் எச்சம் உருண்டையன்று, நீண்ட இழை. கூழ் போன்ற உடலுடைய மிதவை உயிரான சால்ப்பின் எச்சம் பட்டையானது, ஆனால் நாளுக்கு ஆயிரம் மீட்டர் வரைகூட இறங்கக் கூடியது. ஆட்டை அறிந்தவர் இவ்விரண்டையும் புழுக்கை என்று சொல்ல மாட்டார். ஆகவே பொதுப்பெயராக ‘எச்சம்’ இருக்கட்டும். உறையிட்ட சிறு பொதிக்குப் ‘புழுக்கை’, கிரில்லுக்கு ‘எச்ச இழை’, சால்ப்புக்கு ‘எச்சப் பட்டை’ என்று பிரித்துப் பட்டியலில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
பூம்பாறையிலிருந்து