கழிமுகத்தில் உப்பு ஏறிய வருடம்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

கோரையாற்றான்:
2017 மே. மேட்டூர் அணையில் தண்ணீர் இல்லாத கதை எல்லோருக்கும் தெரியும், விடுங்கள். முந்தைய வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டதில் கோரையாறு, பாமணியாறு இரண்டிலும் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. சித்தப்பாவோடு முத்துப்பேட்டை லகூனுக்கு (கடலோரக் காயல்) படகில் போனேன். அலையாத்தி இலையில் எப்போதும் லேசாக உப்புப் பூத்திருக்கும், வேர் உறிஞ்சியதை இலை வழியே கக்குகிற மரம்தானே. அன்று ஒரு இலையைத் தடவியதும் நகக்கண் முழுக்க வெள்ளைப் பொடி. சித்தப்பா அதை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இனிமே உப்பளத்துக்கு ஆளே வேணாம்டா, மரமே விளைவிச்சிடும்" என்றார். சிரித்தேன். வலையை இழுத்தால் வெள்ளை இறால் ஒரு கைப்பிடி தேறவில்லை. அவர் அதற்குப் பிறகு வீடு வரும்வரை பேசவே இல்லை.

கிள்ளை வாசி:
எனக்கு உறுத்துவது நேர்மாறானது. 2018 ஆகஸ்டு, கொள்ளிடத்தில் வெள்ளம் புரண்டு வருகிறது. டீக்கடை டிவியில் "தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பக்கத்திலிருந்த வலைக்காரர் கிளாஸை டக்கென்று வைத்தார். "வீணாம்ல. இந்தத் தண்ணி வந்தாதான் பிச்சாவரத்துல எறாக்குஞ்சு தங்கும்." கடையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும்தான்.

கடைமடை விவசாயி:
கிள்ளைக்காரரே, இறாலுக்கு வரிந்துகட்டுகிறீர்கள், சரி. எங்கள் பக்கம் வந்து பாருங்கள். மணலை அள்ளி அள்ளி ஆற்றைப் பள்ளமாக்கிவிட்டார்கள், மேலிருந்து தண்ணீரும் வராவிட்டால் கடல் தானாக ஏறுகிறது. அதே 2017இல் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் போர்வெல் தண்ணீரில் போட்ட டீ அடுப்பிலேயே திரிந்துபோனது. அம்மா இரண்டாவது தடவை போட்டார்கள், அதுவும் திரிந்தது. கடைசியில் சர்பத் கொடுத்தோம். கதவணை கட்டித் தேக்கச் சொன்னால் தப்பா?

கிள்ளை வாசி:
தப்பு என்று எங்கே சொன்னேன்? தேக்குங்கள். கீழே கொஞ்சம் விடவும் விடுங்கள். 'வீண்' என்ற வார்த்தைதான் எனக்குப் பிரச்சினை.

நாற்றங்கால்:
நானும் லகூனைப் பார்த்திருக்கிறேன், மொட்டைத் திட்டில் கால் வைத்தால் உப்புப் பொருக்கு அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஆனால் தம்பி, பழியை எல்லாம் வறட்சி மேல் போடாதீர்கள். அந்தக் காலத்தில் கூறு கூறாகக் காட்டை வெட்டியதில் மண் உள்வாங்கித் தாம்பாளமாகக் குழிந்தது. ஓதத்தோடு, அதாவது கடல் ஏற்றத்தோடு, வந்த கடல்நீர் அதில் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு மட்டும் தங்கியது. வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டிய பிறகுதான் ஓதம் உள்ளே போய்வந்து உப்பைக் கழுவியது. நட நினைப்பவர்கள் முதலில் வாய்க்கால் தூர்ந்திருக்கிறதா பாருங்கள். இறால் பண்ணைக்காரர்களிடம் உப்பு பார்க்கும் கருவி இருக்கும், வாங்கிப் பாருங்கள். கடலே சுமார் 35 பிபிடிதான் (ஆயிரம் பங்கு தண்ணீரில் 35 பங்கு உப்பு), அதையும் தாண்டிக் காட்டினால் இன்னொரு சதுப்பு மரமான சுரபுன்னையை நட்டுக் காசைக் கரைக்காதீர்கள். அலையாத்திதான் ஓரளவு தாங்கும். விதையை மழைக்காலத்தில் போடுங்கள், கோடையில் போட்டால் கருகிவிடும். ஆடு மாடு நுழையாமல் வேலி...

கோரையாற்றான்:
அண்ணே, அந்த வாய்க்கால் வெட்டியதில் சித்தப்பாவும் ஒருவர். நான் யோசனை கேட்கவில்லை.

பழவேற்காடு:
எங்களுக்கு முகத்துவாரமே அடைபட்டது. ஆறு தண்ணீரைத் தள்ளாவிட்டால் கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டிவிடும். உள்ளே மாட்டிய ஏரித் தண்ணீர் வெயிலில் வற்ற வற்ற, கடலைவிடக் கரிக்கும். கண்ணில் பட்டால் எரியும். ஒருநாள் அந்த மணல்மேட்டில் ஏறி நின்றேன். ஒருபக்கம் அலை அடிக்கிறது. மறுபக்கம் அசையாத தண்ணீரில் மடவை மீன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. நடுவில் பத்து எட்டு வைத்தால் தாண்டிவிடும் அளவுக்கு மணல். கையால் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.