புதுப்பிப்பு: அசிட்ரோம் சாப்பிடும் அம்மாவுக்கு ஐஎன்ஆர் திடீரென ஏறியது ஏன்?

அம்மாவுக்கு இதயத்தில் மைட்ரல் வால்வு மாற்றியிருக்கிறது, செயற்கை உலோக வால்வு. அதில் ரத்தம் உறையாமலிருக்கத்தான் அசிட்ரோம் மாத்திரை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவுதான் ஐஎன்ஆர்; 2.5 முதல் 3.5-க்குள் இருக்கவேண்டியது 5.8 ஆகி, பல் துலக்கினாலே ஈறில் ரத்தம் என்று இங்கே கேட்டிருந்தேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கடலூரிலிருந்து அன்றே ஜிப்மருக்குக் கூட்டிப்போனோம். இங்கே பதில் எழுதியவர்களில் கீரையை நிறுத்தச் சொன்னவர்களே அதிகம். ஆனால் விடை கிடைத்தது, "இடையில் வேறு மாத்திரை ஏதாவது சேர்ந்ததா?" என்று கேட்டவரால்தான். வயிற்றுப்போக்குக்குப் பக்கத்து கிளினிக்கில் மெட்ரோனிடசோல் கொடுத்திருந்தார்கள். அது அசிட்ரோம் உடலில் சிதைவதைக் குறைத்து, அதன் வேலையைக் கூட்டிவிடுமாம்.

மருத்துவர் அசிட்ரோமைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, அப்புறம் பழைய அளவிலேயே தொடரச் சொன்னார். இப்போது 2.9. ஈறும் சரியாகிவிட்டது. நாமாக நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்துவிடலாம், அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

எதிர்பார்க்காதது: சரியாகச் சாப்பிடாமல் கிடந்ததும் ஒரு காரணமாம். ரத்தம் உறைய உதவும், கீரையில் உள்ள வைட்டமின் கே குறைந்தால் ஐஎன்ஆர் ஏறத்தான் செய்யும். முருங்கைக்கீரையை விடவேண்டாம், வாராவாரம் ஒரே அளவாக இருக்கட்டும் என்றார். "அசிட்ரோம் சாப்பிடுகிறார்" என்று எழுதிய அட்டை இப்போது அம்மாவின் சுருக்குப்பையில் இருக்கிறது.