‘ஸ்டொப் வால்வ்’ தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

வெள்ளவத்தையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். கொழும்பில் ஒரு தொடர்மாடியின் குடியிருப்பாளர் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சிங்களப் பிரதி தயார். தமிழ்ப் பிரதி வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒழுகும் குழாயைப் பழுதுபார்க்கும் முன் தண்ணீரை நிறுத்துவது பற்றிய பக்கம்தான் இழுபடுகிறது. பிளம்பர்கள் ‘ஸ்டொப் கொக்’, ‘கேட் வால்வ்’, ‘போல் வால்வ்’ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு தமிழ்ச் சொல் தேவை. இப்போதைக்கு ‘நீரடைப்பான்’ என்று போட்டு வைத்திருக்கிறேன். இரவு 11 மணிக்குக் குசினியில் கணுக்காலளவு தண்ணீரில் நின்று இதைப் படிக்கப்போகிறவருக்கு அது விளங்குமா?

கொட்டாஞ்சேனையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அடைப்பான் வேண்டவே வேண்டாம், தங்கச்சி. அது மாட்டுக்கு வரும் நோய். தவிர, அடைப்பு என்றாலே நம் வீடுகளில் கழிவுக் குழாயில் சிக்கிய முடியும் சோறும்தான். ‘நீரடைப்பானைத் திறக்கவும்’ என்று எழுதினால் கம்பியைக் கொண்டுவந்து குத்தத் தொடங்குவார்கள்.

குளம் கட்டி வாழ்ந்தவர்களுக்கு இதற்கெல்லாம் சொல் பஞ்சமா? மதகு, மடை, தூம்பு, புதவு என்று வரிசையில் நிற்கின்றன. ‘திருகுமடை’ என்று முன்மொழிகிறேன். யாழ்ப்பாணத்துத் தோட்டத்தில் தண்ணீர் மாறுகிறவர் மண்வெட்டியால் ஒரு கொத்து மண்ணைத் தூக்கி ஒரு பாத்தியின் வாயில் போட்டுவிட்டு, அடுத்த பாத்தியின் வாயை வெட்டிவிடுவார். குழாய்க்குள் நடப்பதும் அதே வேலைதான்.

தெஹிவளையிலிருந்து, பொறியியலாளர்:

மாஸ்டர், மடை என்றால் என் பிள்ளைகளுக்கு அம்மன் கோயிலில் பரப்பும் மடைதான் தெரியும். பொங்கலை எங்கே வைப்பது என்று கேட்பார்கள்.

ஆனால் குளத்தை நினைவூட்டியது நல்லது. இந்தத் தீவின் பழைய குளங்களில் அணைக்கட்டை ஒட்டிச் சதுரக் கிணறு மாதிரி ஒரு கட்டுமானம் இருக்கும். சிங்களத்தில் ‘பிசோக்கொட்டுவ’ என்பார்கள். ஆங்கிலேயர் காலத்து நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் அதை வால்வுக் கிணறு என்றே அடையாளம் கண்டார். குளத்தின் நீரழுத்தத்தை அடக்கி, வேண்டிய அளவு மட்டும் வெளியே விடும் இடம். சொல் இல்லாமலா இதையெல்லாம் கட்டினார்கள்?

கொட்டாஞ்சேனை:

அதைத்தான் தூம்பு என்கிறோம். துளையுள்ளது தூம்பு. சங்கப் பாடலில் யானையின் கை ‘தூம்புடைத் தடக்கை’. தும்பி, தும்பிக்கை எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் கருத்து. தும்பு கூட இந்தப் பக்கம் வரும் என்று நினைக்கிறேன், அதை விரிவாக எழுதுகிறேன்.

தெஹிவளை:

விரிவாக வேண்டாம், மாஸ்டர். யானை உள்ளே வந்துவிட்டது, வால்வு இன்னும் வரவில்லை.

பம்பலப்பிட்டியிலிருந்து, ஆய்வு மாணவி:

இணையக் கலைச்சொல் பட்டியல்களில் வால்வுக்கு ‘ஓரதர்’ என்று ஏற்கெனவே இருக்கிறதே? அதர் என்றால் வழி. ‘ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும்’ என்று 594ஆம் குறளில் வருகிறது. அழகான, சின்னச் சொல். இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் உருவாக்க வேண்டும்?

தெஹிவளை:

அழகு சரி. பொருள்தான் இடிக்கிறது. ஓரதர் என்றால் ஒரு வழி. ஒரு பக்கம் மட்டும் நீரை விட்டு, திரும்பி வராமல் மறிக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. பம்பிக்குப் பக்கத்தில் பூட்டுவார்கள். அதற்கு வேண்டுமானால் இந்தச் சொல் அளவெடுத்துத் தைத்த சட்டை. நாம் தேடுவதோ நீரை விடவும் நிறுத்தவும் மட்டுமே பயன்படுவது.

வத்தளையிலிருந்து, ஹற்றன்காரர்:

மலையகத்தை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். எங்கள் லயத்தில் தண்ணீர் வருமிடம் பீலி. ‘பீலிக்கரைக்குப் போனாள்’ என்றால் குடத்தோடு போனாள் என்று பொருள். ‘பீலிப்பூட்டு’ என்று வைத்தால் என்ன?

கொட்டாஞ்சேனை:

தம்பி, அருமை! ஆனால் வள்ளுவர் வண்டியில் ஏற்றியது மயிற்பீலி. சிங்களத்தில் ‘பீல்ல’ என்று இருப்பது நம்மிடமிருந்து போனதா, அங்கிருந்து வந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும்.

(இதன் பின் பீலியைப் பற்றி மட்டும் வந்த மடல்களைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். சண்டையை அங்கே தொடருங்கள். - மட்டுறுத்துநர்)

மட்டக்குளியிலிருந்து, தொழிற்பயிற்சிப் போதனாசிரியர்:

தாமதமாக வருகிறேன். குழாய் வேலை கற்பிக்கிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சொல்லை வைத்தாலும், எதைப் பூட்டுவது என்பதைக் கையேடு சொல்லாவிட்டால் பயனில்லை. மேல் தாங்கி உள்ள தனி வீட்டை எடுங்கள். நீர்மானிக்குப் பக்கத்தில் இருப்பதைப் பூட்டிவிட்டு வந்து குழாயைக் கழற்றுகிறார் ஒருவர். தண்ணீர் முகத்தில் அடிக்கிறது. ஏனென்றால் வீட்டுக்குள் வருவது தாங்கித் தண்ணீர். வீதியிலிருந்து வருவதை நிறுத்தினாலும் தாங்கி வெறுமையாகும் வரை அது இறங்கிக்கொண்டுதான் இருக்கும். தாங்கியிலிருந்து கீழிறங்கும் குழாயில் உள்ள வால்வைப் பூட்ட வேண்டும். நீர்மானிக்கு முன்னால், வீதிப் பக்கம் இருப்பது நீர் வழங்கல் சபைக்குரியது. அதில் கைவைக்கக் கூடாது.

தொடர்மாடியில் பொதுவாக வீட்டுக்கொரு வால்வு இருக்கும். சில கட்டடங்களில் வெளி நடையில் உள்ள குழாய் அலுமாரிக்குள், சிலவற்றில் குளியலறைக்குள். கழுவுதொட்டிக்குக் கீழே சின்னதாக ஒன்று இருந்தால் அதைப் பூட்டினாலே அந்தக் குழாய்க்குப் போதும். வெந்நீர்க் கருவி இருந்தால் தண்ணீரை நிறுத்தும் முன் அதன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அழுத்தம் கூட்டும் பம்பி இருந்தால் அதையும்.

சக்கரப் பிடி உள்ளதை வலஞ்சுழியாக, நிற்கும் வரை சுற்ற வேண்டும். பல வருடம் தொடாமல் கிடந்ததென்றால் இறுகியிருக்கும். ஸ்பனர் போட்டு நெரிக்கக் கூடாது. உள்ளே தண்டு முறிந்தால் பிடி மட்டும் சுற்றும், கதவு இருந்த இடத்திலேயே இருக்கும். நெம்புபிடி உள்ளதற்குக் கால் சுற்றுப் போதும். பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் பூட்டியிருக்கிறது, குழாயோடு நெடுக்காக நின்றால் திறந்திருக்கிறது. பூட்டிய பிறகு ஒழுகும் குழாயைத் திறந்து விட்டுப் பார்க்க வேண்டும். நீர் மெலிந்து நின்றால்தான் கழற்றலாம். தொட்டியின் துளையில் ஒரு துணியை அடைத்து வைத்தால் கழற்றும் திருகாணி உள்ளே போகாது. வேலை முடிந்து திறக்கும்போது மெதுவாகத் திறக்க வேண்டும். சடாரென்று திறந்தால் குழாய் முழுக்க அதிரும்.

என் மாணவர் ‘வால்வு என்றால் என்ன’ என்று கேட்பதில்லை. ‘எந்த வால்வு’ என்றுதான் கேட்கிறார்கள். ஆகவே இடத்தைச் சொல்லும் பெயர் வையுங்கள். தாங்கி வால்வு, வீட்டு வால்வு, தொட்டிக்கீழ் வால்வு.

கொட்டாஞ்சேனை:

செய்முறைக்கு மிக்க நன்றி. ஆனால் மூன்று இடத்திலும் வால்வு, வால்வு, வால்வு. தமிழ் எங்கே?

பம்பலப்பிட்டி:

ஐயா, ஓரதரை நான் மீளப் பெறவில்லை. ஆனாலும் வால்வுக்காக ஒன்று சொல்கிறேன். லகர ஒற்றுக்குப் பின் வகரம் வருவது மெய்ம்மயக்க விதிக்கு உட்பட்டதுதான். கல்வி, செல்வம் இல்லையா? முற்றியலுகரத்தில் முடிந்து வேற்றுமை உருபையும் தடையில்லாமல் ஏற்கிறது. ‘ஸ்டொப் கொக்’கை வாசலிலேயே நிறுத்தும் இலக்கணம் இதை உள்ளே விடுகிறது.

தெஹிவளை:

லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து கொழும்புக்குக் குழாய்நீர் வந்தது 1886இல். குழாயோடு வால்வும் வந்திருக்க வேண்டும். இத்தனை தலைமுறை புழங்கிய பிறகும் அதற்குக் குடியுரிமை இல்லையா? ‘பழையன கழிதலும்’ என்று தொடங்க மாட்டேன், பயப்பட வேண்டாம்.

சென்னையிலிருந்து, தொழில்நுட்ப எழுத்தாளர்:

வால்வு சரி. ‘பூட்டு’ என்ற வினையை மாற்றுங்கள். எங்கள் ஊரில் வால்வைப் பூட்டு என்றால் சாவியைத் தேடுவார்கள். ‘மூடுக’ என்று போடலாம். அல்லது சாதனத்தையே ‘அடைதிறப்பி’ என்று சொல்லிவிடலாம்.

வெள்ளவத்தை:

எங்கள் ஊரில் சாவிக்குப் பெயர் திறப்பு, அண்ணா. அடைதிறப்பி என்றால் இங்கேயும் சாவியைத்தான் தேடுவார்கள். கையேடு கொழும்புக்கானது. இங்கே பைப்பைப் பூட்டுகிறோம், கடையைப் பூட்டுகிறோம். பூட்டு இருக்கட்டும்.

கொட்டாஞ்சேனை:

நேற்று அகராதியைப் புரட்டினேன். வால்வின் மூலம் இலத்தீன் ‘வல்வா’. பொருள், மடக்குக் கதவின் ஒரு மடல்! நம் புதவும் கதவுதான், மதகும்தான். போதனாசிரியரே ‘கதவு இருந்த இடத்திலேயே இருக்கும்’ என்று எழுதிவிட்டார். ஆகவே திருகுமடையைக் கைவிடுகிறேன். புதவு. தாங்கிப் புதவு, வீட்டுப் புதவு.

வத்தளை:

புதவு என்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அகராதி தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும் நேரத்தில் எப்படிப் பார்ப்பது?

வெள்ளவத்தை:

இன்று வெள்ளி. எட்டுப் பேரில் ஐவர் வால்வு என்கிறீர்கள், அவர்களிலும் இருவர் ‘சரி, ஏதோ ஒன்று’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அச்சுக்குப் போகும் வரி இது:

‘முதலில் வெந்நீர்க் கருவியின் மின்சாரத்தை நிறுத்துக. தொட்டிக்கீழ் வால்வு இருந்தால் அதைப் பூட்டுக. இல்லாவிடில் வீட்டு வால்வைப் பூட்டுக. குழாயைத் திறந்து, நீர் நின்றுவிட்டதை உறுதிப்படுத்திய பின்னரே கழற்றுக.’

இந்தக் கட்டடத்தில் மேல் தாங்கி பொதுவானது. பராமரிப்பாளர் மட்டுமே அதைத் தொடலாம் என்பதால் தாங்கி வால்வை எடுத்துவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

கொட்டாஞ்சேனை:

எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். கடைசிப் பக்கத்துச் சொற்பட்டியலில் ‘வால்வு: புதவு’ என்று ஒரு வரி சேர்க்க இடமிருக்கும். அச்சகம் மாலை வரை திறந்திருக்குமல்லவா? பீலி இழையில் என் பதில் இன்றிரவு வரும்.