ஆள்-மாதம் என்பது 152 மணியா, 176 மணியா?

கோபோல் கிழவன்:
மென்பொருள் மதிப்பீடு பிசகாமலிருக்க "ஆள்-மாதத்தை (ஒருவர் ஒரு மாதம் செய்யும் வேலையை) 22 நாள், 176 மணி என்று வையுங்கள்; மீதியைக் கோகோமோ பார்த்துக்கொள்ளும்" என்று நேற்று கணக்குப்புலி அருளியிருக்கிறார். ஐயா, நிரலின் அளவை வைத்து உழைப்பைக் கணிக்கும் அந்தக் கோகோமோ சூத்திரத்தை 1981-இல் வெளியிட்ட பாரி போஹ்ம் என்பவரே ஆள்-மாதத்துக்கு 152 மணிதான் வைத்தார். விடுப்பு, நோய்நொடி எல்லாம் கழித்து 19 நாள். உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் காய்ச்சலே வராதோ?

கணக்குப்புலி:
எங்களுக்குச் சம்பளம் 22 நாளுக்கு. 176.

கோபோல் கிழவன்:
சம்பளக் கணக்கும் உழைப்புக் கணக்கும் ஒன்றா? 63 திட்டங்களின் தரவை வைத்து உருவாக்கிய சூத்திரம் அது. படியால் அளந்ததை மரக்கால் என்று எழுதி வைக்கிறீர்கள். 152.

கணக்குப்புலி:
10 ஆள்-மாதம் உங்களுக்கு 1,520 மணி, எனக்கு 1,760. கூடுதலாக 240 மணி கையில் இருந்தால் வலிக்கிறதா?

கோபோல் கிழவன்:
அந்த 240 மணியும் ஆள் படுக்கையில் கிடந்த மணி. அதற்கும் வேலை ஒதுக்கிவிட்டுப் பிறகு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வரச் சொல்வீர்கள். முப்பது வருடமாகப் பார்க்கிறேன்.

சோதனைக்காரி:
எங்கள் குழுவில் கடவுச்சொல் மாற்றும் திரைக்கு 2 நாள் என்று எழுதினார்கள். 11 நாள் ஆனது. ஓடிபி குறுஞ்செய்தி வாசகத்துக்குத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி பதிவுத்தளத்தில் ஒப்புதல் வரவே ஆறு நாள். இது உங்கள் 152-இலும் இல்லை, 176-இலும் இல்லை.

கணக்குப்புலி:
அது காத்திருந்த நாள், உழைத்த நாள் அல்ல. சோதிப்பவர்களுக்கு இதைப் புரியவைக்கவே ஓர் ஆள்-மாதம் வேண்டும்.

சோதனைக்காரி:
152 மணியா, 176 மணியா?

வழிப்போக்கன்:
மணிக்கணக்கே வேண்டாம். பிளானிங் போக்கர் போதும். எல்லோரும் தங்கள் மதிப்பீட்டு எண் உள்ள சீட்டை ஒரே நேரத்தில் காட்டினால் யாரும் யாரையும் பார்த்து எழுத முடியாது.

கோபோல் கிழவன்:
வந்துவிட்டார் சீட்டாட்டக்காரர். உங்கள் குழுத்தலைவர் 3 என்றதும் 13 காட்டியவர்கள் எல்லாம் மறுசுற்றில் 3-க்கு இறங்கிய கதையை நீங்களேதான் இங்கே எழுதினீர்கள். தேடி எடுத்துப் போடவா?

வழிப்போக்கன்:
அது வேறு திட்டம். பழையதைக் கிளறுவதே உங்கள் தொழில்.

கோபோல் கிழவன்:
பழைய திட்டக் கணக்கைக் கிளறாமல் மதிப்பீடு எப்படி வரும், சோழி உருட்டியா? புலியாரே, ஒன்றே ஒன்று கேட்கிறேன்: பொங்கல் வாரத்தில் உங்கள் குழுவில் எத்தனை பேர் வந்தார்கள்? 152.

கணக்குப்புலி:
பொங்கல் விடுப்பைத் தனி வரியாகப் போட்டிருந்தேன். 176.