38 லட்சம் கோப்புகளை ஒத்திசைக்க ஒன்பது மணி நேரம் ஆகிறது. என் வடிவமைப்பு சரிவருமா?

ஏட்டுப்பெட்டி: வணக்கம். அவசரத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய நூல்களின் ஸ்கேன் படங்கள் 38 லட்சம் கோப்புகளாக இருக்கின்றன. அவற்றை இரவுதோறும் ஆர்சிங்க் (rsync, இரு இடங்களின் கோப்புகளை ஒப்பிட்டு மாறியவற்றை நகலெடுக்கும் நிரல்) மூலம் காப்புக் கணினிக்கு அனுப்புகிறேன். ஒரு நாளில் மாறுபவை சில நூறு கோப்புகளே என்றாலும் ஒன்பது மணி நேரம் ஆகிறது. முதல் சில மணி நேரம் திரையில் ஒரு வரிகூட வருவதில்லை. ஒவ்வொரு கோப்புறையின் மாற்ற நேரத்தையும் தரவுத்தளத்தில் குறித்துவைத்து, அது மாறாதிருந்தால் உள்ளே நுழையாமலே கடந்துவிடும் நிரலை நானே எழுதலாமா?

தச்சுப்பட்டறை: எந்தப் பதிப்பு? என்னென்ன தெரிவுகள்? காப்புக் கணினி எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது? கட்டளையை முழுதாக ஒட்டுங்கள்.

இரவுப்பணி: கட்டளை எதற்கு? கோப்புறை மரம் முழுவதையும் ஒவ்வொன்றாகப் பார்த்து நடப்பதுதான் நோய். ஐநோட்டிஃபையை (inotify, கோப்பு மாற்றங்களை உடனுக்குடன் அறிவிக்கும் லினக்ஸ் வசதி) வைத்து, மாறியவற்றை மட்டும் இயங்குதளத்தின் கருவான கெர்னலே சொல்லும்படி செய்யுங்கள்.

பழையமுனையம்: தம்பி, ஆர்சிங்க் 1996இல் வெளிவந்தது, நீங்கள் ஒரு மாலையில் கண்டுபிடித்ததை அதன் ஆசிரியர்கள் யோசிக்காமலா விட்டிருப்பார்கள்? கோப்புறையின் மாற்ற நேரம், அதற்குள் நேரடியாக ஒரு பெயர் சேரும்போதோ நீங்கும்போதோ மாறுவது. உள்ளிருக்கும் கோப்பின் உள்ளடக்கத்தை அதே இடத்தில் திருத்தினால் அது அசையாது, மேலே உள்ள கோப்புறைகளுக்கும் செய்தி போகாது. உங்கள் நிரல் வேகமாகத்தான் ஓடும், திருத்திய படங்களை விட்டுவிட்டு. அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

தச்சுப்பட்டறை: விளக்கம் சரி, ஐயா, கடைசி வரி தேவையில்லை.

ஏட்டுப்பெட்டி: மன்னிக்கவும், இதெல்லாம் முக்கியம் என்று தோன்றவில்லை. இரு முனையிலும் 3.1 பதிப்பு. தெரிவுகள் 'ஏ' (உட்கோப்புறைகளோடு, நேரம், உரிமைகள் மாறாமல் நகலெடுப்பது), 'டிலீட்-பிஃபோர்' (இங்கே இல்லாதவற்றை, அனுப்பத் தொடங்கும் முன்பே காப்பிலிருந்து அழிப்பது). காப்புக் கணினியின் வட்டை என்எஃப்எஸ் (NFS, வேறு கணினியின் வட்டை வலை வழியாக இங்குள்ளது போலக் காட்டும் முறை) வழியாக இங்கே ஏற்றியிருக்கிறேன்.

தச்சுப்பட்டறை: நோய் பிடிபட்டது. ஏற்றிய வட்டு ஆர்சிங்கின் கண்ணுக்கு உள்ளூர் வட்டுதான். ஆகவே காப்புப் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு கோப்பின் அளவையும் நேரத்தையும் உங்கள் கணினி வலை வழியாகக் கேட்டுக் காத்திருக்கிறது. உள்ளூர்ப் பிரதி என்று கருதுவதால், மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும் முறையையும் அது கைவிட்டு முழுக் கோப்பையும் எழுதுகிறது. எஸ்எஸ்எச் (SSH, வேறு கணினியில் பாதுகாப்பாக நுழைந்து கட்டளை ஓட்டும் முறை) வழியாக ஓட்டினால் மறுமுனையில் இன்னோர் ஆர்சிங்க் எழுந்து தன் வட்டைத் தானே படித்துக்கொள்ளும். 'டிலீட்-பிஃபோர்' கொடுத்தால் முழுப் பட்டியலும் தயாராகும்வரை எதுவும் நகராது, 3.0 பதிப்பில் வந்த, பட்டியலைத் தயாரித்துக்கொண்டே அனுப்பும் படிப்படியான முறையை அது அணைத்துவிடுகிறது. 'டிலீட்-டியூரிங்' (அனுப்பிக்கொண்டே அழிப்பது) போதும்.

இரவுப்பணி: அப்போதும் 38 லட்சம் கோப்புகளை இரு பக்கமும் தொடத்தானே வேண்டும்? ஐநோட்டிஃபையில் அந்தச் செலவே இல்லை.

பழையமுனையம்: ஐநோட்டிஃபை தானாக உட்கோப்புறைகளுக்குள் இறங்காது, கோப்புறைக்கு ஒரு காவல் வேண்டும். வரிசை நிரம்பினால் நிகழ்வுகள் தொலையும். நிரல் நின்றிருந்த நேரத்தில் நடந்தவை தெரியவே தெரியா. ஆகவே அவ்வப்போது முழு நடையும் தேவை. பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) என்ற கோப்பு முறைமையில், அந்தந்த நேரத்து நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் இரண்டை ஒப்பிட்டு அனுப்பினால், மாறாத கிளைகளை அது தொடாமலே தாண்டிவிடும்.

இரவுப்பணி: மறுமுனையிலும் பிடிஆர்எஃப்எஸ் வேண்டுமே! வீட்டுக் குழாய் ஒழுகினால் வீட்டையே மாற்றச் சொல்கிறீர்கள்.

பழையமுனையம்: ஒழுகும் குழாயின் கீழ் வாளி வைப்பதுதான் உங்கள் தீர்வு.

ஏட்டுப்பெட்டி: எஸ்எஸ்எச் வழியாக ஓட்டினேன், 50 நிமிடத்தில் முடிந்தது. நன்றி. கோப்புறையின் பெயரை மாற்றினால் மட்டும் உள்ளிருப்பவை எல்லாம் மறுபடி போகின்றன.

தச்சுப்பட்டறை: பெயர் மாற்றத்தை ஆர்சிங்க் அறியாது, பழைய பாதையை அழித்துப் புதியதை முதலிலிருந்து அனுப்பும். உங்கள் தரவுத்தளம் உதவக்கூடிய இடம் இதுதான்: பாதையோடு ஐநோட் எண் (பெயர் மாறினாலும் மாறாத, கோப்பு முறைமை தரும் கோப்பு எண்), அளவு, நேரம் மூன்றையும் குறித்துவையுங்கள், அவை ஒத்திருந்து பாதை மட்டும் மாறியிருந்தால், ஆர்சிங்க் ஓடுவதற்கு முன்பே மறுமுனையில் பெயரை மாற்றிவிடலாம். ஐநோட் எண் மட்டும் போதாது. அழித்த கோப்பின் எண் புதிய கோப்புக்குப் போகக்கூடும். ஒரு நாளில் எத்தனை கோப்புறைகளின் பெயரை மாற்றுகிறீர்கள்?

தச்சுப்பட்டறை: ஏட்டுப்பெட்டி, இருக்கிறீர்களா?