டைப் 1 சர்க்கரை: பீட்டா செல்லைக் கொல்வது மைட்டோகாண்ட்ரியாவா?

ஈரோடு அம்மா:
என் மகளுக்கு 9 வயது. போன வருடம் டைப் 1 என்று தெரிந்தது. ஜிஏடி ஆன்டிபாடி (எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்குவதற்கான அடையாளம்) பாசிட்டிவ். எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தாக்கிவிட்டது என்றார் டாக்டர். நாத்தனார் எங்கேயோ கேட்டுவிட்டு வந்து, "பீட்டா செல்லைச் சாகடிப்பது மைட்டோகாண்ட்ரியாவாம், அது தாய் வழியில்தான் வருமாம்" என்கிறார். எது சரி? என்னால் வந்ததா? ப்ளஸ் டூவில் பயாலஜி படித்தவள்தான், விவரமாகவே சொல்லுங்கள்.

செல் ஆய்வு மாணவன்:
உங்களால் வந்தது இல்லை அம்மா. மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் சிறு உறுப்பு. தாய்வழி மைட்டோகாண்ட்ரியாவால் வரும் சர்க்கரை நோய் ஒன்று உண்டு. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் 3243-வது எழுத்து மாறியிருக்கும். பெரும்பாலும் காது கேளாமையும் சேர்ந்து வரும். அது எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் ஆட்டோ இம்யூன் நோயே அல்ல. பாப்பாவுக்கு ஆன்டிபாடி இருக்கிறது, ஆகவே டாக்டர் சொன்னதுதான்.

தாக்குவது டி செல் என்ற எதிர்ப்புச் சக்திச் செல். ஆனால் அடிபட்ட செல் எப்படிச் சாகிறது என்று கேட்டால் மைட்டோகாண்ட்ரியாவிடம்தான் போக வேண்டும். சிடி8 வகை டி செல், பெர்ஃபோரின் என்ற புரதத்தால் வழி செய்து கிரான்சைம் பி என்ற நொதியை உள்ளே விடும். அது 'பிட்' என்ற புரதத்தை வெட்டும். வெட்டிய துண்டு பாக்ஸ், பாக் புரதங்களைத் தூண்டிவிட, அவை மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் ஓட்டை போடும். உள்ளிருந்த சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியே கசிந்ததும் காஸ்பேஸ்கள் என்ற வெட்டும் நொதிகள் கிளம்பி செல்லை உள்ளிருந்தே அறுத்துவிடும். டி செல் தொடாமல், எதிர்ப்புச் செல்கள் சுற்றிலும் சுரக்கிற சைட்டோகைன்கள் என்ற சைகைப் புரதங்களாலும் இது நடக்கும். நான் ஆய்வகத்தில் எலி பீட்டா செல்களுக்கு அந்தச் சைட்டோகைன்களைக் கொடுத்துப் பார்ப்பவன். நீண்ட நூலாகக் கிடந்த மைட்டோகாண்ட்ரியா துண்டு துண்டாகிவிடும்.

பீட்டா செல்லுக்கு இது பெரிய சங்கடம். இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை என்று அது அறிவதே மைட்டோகாண்ட்ரியா தரும் ஏடிபி என்ற சக்தி மூலக்கூறு வழியாகத்தான். ஏடிபி கூடினால் பொட்டாசியம் வாயில் மூடும், கால்சியம் உள்ளே வரும், இன்சுலின் வெளியேறும். இத்தனை நம்பியிருந்தும், மைட்டோகாண்ட்ரியா வேலை செய்யும்போது உண்டாகிச் செல்லைக் கெடுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சமாளிக்கும் கேட்டலேஸ் போன்ற நொதிகள் அதனிடம் மிகக் குறைவு.

தாய் வழி என்றதும் எனக்கு ஏஎல்ஆர் எலி நினைவுக்கு வருகிறது. தானாகவே டைப் 1 வருகிற என்ஓடி எலிக்கு அது நெருங்கிய சொந்தம், ஆனால் அதற்கு நோய் வருவதில்லை. அதன் மைட்டோகாண்ட்ரியாவில் என்டி2 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து வேறு. இரண்டையும் கலந்து வளர்த்தபோது, ஏஎல்ஆர் மைட்டோகாண்ட்ரியாவைத் தாய் வழியில் பெற்ற குட்டிகளுக்கு நோய் குறைந்தது. அம்மாவிடமிருந்து வந்தது அங்கே பாதுகாப்பாகத்தான் இருந்தது. இதை நாத்தனாரிடம் அவசியம் சொல்லுங்கள்.

பழைய டைப் 1:
அக்கா, இன்னொன்றும் சொல்லுங்கள். அம்மாவுக்கே டைப் 1 இருந்தாலும் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு, அப்பாவுக்கு இருந்தால் வருவதைவிடக் குறைவு. என் பிரசவத்துக்கு முன்னால் என் டாக்டர் சொன்னது இது. அப்புறம், "மைட்டோகாண்ட்ரியாவுக்கு நல்லது" என்று மாத்திரை விற்க யாராவது வருவார்கள். வாங்காதீர்கள். அதை நம்பி இன்சுலினைக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து.

ஈரோடு அம்மா:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. படித்ததும் அழுதுவிட்டேன். அப்படியானால் பீட்டா செல்லையே காப்பாற்றுகிற மருந்து எதுவும் இல்லையா?

செல் ஆய்வு மாணவன்:
முயற்சிகள் நடக்கின்றன அம்மா. வெராபமில் என்று பழைய ரத்த அழுத்த மாத்திரை ஒன்று. பீட்டா செல்லில் டிஎக்ஸ்நிப் என்ற புரதத்தைக் குறைக்கும். அந்தப் புரதம் கூடினால் மைட்டோகாண்ட்ரியா வழியாகச் செல் சாகும். 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நோய் தெரிந்து ஒரு மாதத்துக்குள் இதைத் தொடங்கிய பிள்ளைகளுக்கு ஒரு வருடம் கழித்து சி-பெப்டைடு (உடல் தானே எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் அளவு), மற்றவர்களைவிட சுமார் 30% கூடுதலாக இருந்தது. அவர்களும் இன்சுலினை நிறுத்தவில்லை. பாப்பாவுக்கு ஒரு வருடம் ஆகிவிட்டது, அதனால் இந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. அடுத்த முறை போகும்போது சி-பெப்டைடு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள்.