மாமல்லபுரத்தில் கடல் தெரியும் ஃபிளாட்: வாங்கலாமா, வேண்டாமா?

நெய்தல்:
மாமல்லபுரத்தில் ஒரு பழைய ஃபிளாட் விலைக்கு வந்திருக்கிறது. மூன்றாவது மாடி, இரண்டு பெட்ரூம், 950 சதுர அடி, யூடிஎஸ் (நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு) 380 சதுர அடி. கட்டி 14 வருடம் ஆகிறது. 72 லட்சம் கேட்கிறார்கள். பால்கனியில் நின்றால் சவுக்குத் தோப்புக்கு மேலே கடல் தெரிகிறது. எனக்கு ரிட்டையர் ஆக இன்னும் இரண்டு வருடம். படம் வரைவேன், கொஞ்சம் களிமண் வேலையும் உண்டு. சிற்பிகள் ஊரில் இருக்க ஆசை. வீட்டுக்காரர் வேண்டவே வேண்டாம் என்கிறார்.

கணக்குப்பிள்ளை:
அவர் சொல்வதைக் கேளுங்கள் மேடம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 72 லட்சத்துக்கு ஏறக்குறைய ஆறரை லட்சம் பத்திரச் செலவுக்கே போய்விடும். அப்புறம் உப்புக் காற்று. என் அக்கா வீட்டுக்காரர் ஈசிஆரில் வாங்கிய ஃபிளாட்டில் பத்தாவது வருடமே சன்ஷேடுக் கம்பி துருப்பிடித்து உப்பிக்கொண்டது. ஒருநாள் சிமென்ட் பாளமாகப் பெயர்ந்து கீழே நின்ற கார் மேல் விழுந்தது. 14 வருடக் கட்டடத்துக்கு 72 லட்சமா?

கிழக்குக்கரை:
கணக்கு சார் எல்லாவற்றையும் ரூபாயிலேயே பார்க்கிறார். நானும் அந்தப் பக்கம்தான் ஃபிளாட் வைத்திருக்கிறேன். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. அன்று ராத்திரி அங்கேதான் இருந்தோம். ஜன்னல் இடுக்கில் வந்த தண்ணீரைப் பழைய வேட்டி வைத்துப் பிழிந்து பிழிந்து ஊற்றினோம், அவ்வளவுதான். காலையில் கடலைப் பார்த்தபோது அந்தக் கஷ்டம் மறந்துபோனது. பணம் பெருக வேண்டுமென்றால் எஃப்டி போடலாம் மேடம், அதற்கு வீடு எதற்கு?

கணக்குப்பிள்ளை:
வேட்டி பிழிய 72 லட்சம். சரி.

உளிச்சத்தம்:
நான் உள்ளூர்க்காரன், பட்டறைக் குடும்பம். மேடம், நீங்கள் வீடு பார்க்கப் போனது ஞாயிற்றுக்கிழமைதானே? வேலை நாளில் காலை பத்து மணிக்கு வந்து பாருங்கள். அப்பா காலத்தில் உளிச் சத்தம் கேட்கும். என் பெயரில் மட்டும்தான் இப்போது அது இருக்கிறது. இன்று பாதி வேலை கிரைண்டரில்தான் நடக்கிறது. பக்கத்தில் பட்டறை இருந்தால், அது ஓடும்போது பால்கனியில் பேசினால் எதிரே நிற்பவருக்குக் காது கேட்காது. கருங்கல் தூசி மாவு மாதிரி வந்து படியும், கொடியில் காயும் துணியை உதறித்தான் எடுக்க வேண்டும். சிற்பக் கல்லூரிக்குப் பக்கமா, ஒத்தவாடைத் தெருவா, எந்த இடம் என்று சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
பார்த்தீர்களா? உள்ளூர்க்காரரே வேண்டாம் என்கிறார்.

உளிச்சத்தம்:
வேண்டாம் என்று நான் எங்கே சார் சொன்னேன்? கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரை நிறுத்திய கணபதி ஸ்தபதி முதல்வராக இருந்த கல்லூரி எங்கள் ஊரில் இருக்கிறது. எங்கள் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. வேலை நடக்கிற ஊரில் சத்தம் வராதா? சிற்பிகள் ஊர் வேண்டும், சிற்பம் செய்கிற சத்தம் வேண்டாம் என்று வாங்கிவிட்டு, அப்புறம் பட்டறையை மூடச் சொல்லி மனு கொடுப்பவர்களைத்தான் எங்களுக்குப் பிடிக்காது.

நெய்தல்:
ஐயோ, நான் மனு கொடுக்கிற ஆள் இல்லை தம்பி. கல்லூரிப் பக்கம்தான். ஞாயிறுதான் பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன். 1966-இல் பணிக்கரும் மற்ற ஓவியர்களும் கைவினைப் பொருள் விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். அந்த மாதிரிக் காசில் இன்று ஈசிஆரில் கார் நிறுத்த இடம்கூடக் கிடைக்காது. எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு மாதிரித் தெரிகிறது. கட்டடம் பழசானாலும் யூடிஎஸ் நிலம் என் பெயரில் இருக்குமே?

கணக்குப்பிள்ளை:
அதில்தான் சிக்கலே. நாளைக்குக் கட்டடத்தை இடித்துக் கட்ட முடிந்தால்தான் அந்த 380 சதுர அடிக்கு மதிப்பு. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானமே கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். உங்கள் ஊரில் எந்தப் பாறைக்குப் பக்கத்தில் எந்தச் சின்னம் என்று நிலஅளவை வரைபடத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். கடல் பக்கம் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டல) விதிகள் வேறு. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று மட்டும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். திட்ட அனுமதியையும் அதில் உள்ள வரைபடத்தையும் கேளுங்கள். மூன்றாவது மாடி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கிழக்குக்கரை:
இதை நான் மறுக்க மாட்டேன். நான் வாங்கும்போது கடலை மட்டும்தான் பார்த்தேன்.

நெய்தல்:
புரோக்கர் "எல்லா பேப்பரும் கிளியர் மேடம்" என்கிறார். வரைபடம் கேட்டதற்கு, "அதெல்லாம் யாரும் கேட்பதில்லை" என்றார். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் போகிறேன். இந்த முறை வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு.

கணக்குப்பிள்ளை:
போனால் சமையலறைக் குழாய்த் தண்ணீரை ஒரு வாய் வைத்துத் துப்பிப் பாருங்கள். கரித்தால் அங்கிருந்தே பேரத்தை ஆரம்பியுங்கள். 60-க்கு மேல் ஏறாதீர்கள்.

உளிச்சத்தம்:
பட்டறைக்கும் வாருங்கள் மேடம், டீ சாப்பிடலாம். சத்தமாகப் பேச வேண்டியிருக்கும்.